கோடு தெரியாத தங்கம்

நான் ஏமாற்றினேன். ஒரு மாணவி தன் கண்ணால் கண்டதை, வகுப்பே சிரிக்கும்படி, பொய் என்றேன். அவள் கண்டது மெய். பொய் என்னுடையது!

நீங்கள் என்னைத் திருத்தணிப் பேருந்து நிலையத்தில் பார்த்திருக்கக்கூடும். வேதியியல் வாத்தியார் என்று வணக்கம்கூட வைத்திருப்பீர்கள். அந்த வணக்கம் எனக்கு எரிச்சலூட்டுகிறது... எரிச்சல் உங்கள்மேல் அல்ல.

தங்கத்தின் நுண்துகள்களை நீரில் உண்டாக்கிக் காட்ட வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. அவ்வளவு பொடியான தங்கம் மஞ்சளாக இராது. மாதுளைச் சாறு போலச் சிவந்திருக்கும். பால் கலந்த நீரைப் போல அதுவும் ஒரு கூழ்மம். விளக்கை அணைத்து லேசர் ஒளியைப் பாய்ச்சினால் உள்ளே ஒரு கோடு தெரியும். வெறும் சாயம் கரைத்த நீரில் அது தெரியாது. இதையெல்லாம் வகுப்பில் தொண்டை வறளச் சொன்னவனும் நானே.

சில ஆண்டுகளுக்கு முன், கல்வி அதிகாரி பள்ளியைப் பார்வையிட வந்த நாள் அது. ஆய்வகத்துக்குக் காய்ச்சி வடித்த நீர் கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துவிட்டது, வரவேயில்லை. எங்கள் பள்ளி போர்வெல் தண்ணீரைப் பற்றிச் சொல்லவே வேண்டாம், வாளியெல்லாம் உப்புப் பூத்துக் கிடக்கும். அவசரத்தில் அதையே ஊற்றிக் காய்ச்சினேன். உப்பு பட்டால் தங்கத் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும் என்று பாடம் நடத்துகிறவன் நான்! சிவக்க வேண்டியது கருநீலமாகி அடியில் படிந்தது. தங்கத் துகள் செய்யக் கையிலிருந்த தங்க உப்பும் தீர்ந்தது.

‘இன்று சரியாக வரவில்லை’ என்று சொல்லியிருக்கலாம் அல்லவா? சொல்லவில்லை. கடைத்தெருவுக்கு ஓடிப் பலகாரத்துக்குப் போடும் சிவப்புப் பொடியை வாங்கி வந்து கரைத்து, இதுதான் தங்கம் என்று காட்டினேன். அதிகாரி கை தட்டினார்.

அப்போதுதான் தேவகி எழுந்தாள். ஆர்.கே.பேட்டையிலிருந்து டவுன் பஸ்ஸில் வருகிறவள். கல்லூரியில் வேதியியல்தான் படிப்பேன் என்று சொல்லிக்கொண்டிருந்தவள். மலையடிவாரக் கடையில் வாங்கிய விளையாட்டு லேசரைக் குடுவையில் அடித்தாள். ஜன்னலைச் சாத்திவிட்டு மறுபடியும் அடித்தாள்.

“சார், கோடு தெரியலைங்க சார். கூழ்மம்னா தெரியும்னு நீங்கதான சொன்னீங்க?”

அதிகாரி என் பக்கம் திரும்பினார். நான் அவள்மேல் சீறினேன்.

“பொம்மைய வச்சிகினு எனக்கே பாடம் நடத்துறியா? கண்ணு தெரியலைன்னா கண்ணாடி வாங்கிப் போடு. போய் உக்காரு!”

வகுப்பு சிரித்தது. அதிகாரியும் சிரித்தார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தாயிற்று. தேவகி லேசரைப் பைக்குள் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள்.

அதற்குப்பின் என் வகுப்பில் அவள் கேள்வி கேட்கவே இல்லை. கல்லூரியில் வணிகவியல் சேர்ந்தாள். என்னால்தானா? யாருக்குத் தெரியும்!... இப்படிச் சொல்லித்தான் இத்தனை நாள் தப்பித்து வருகிறேன். வெட்கமாக இருக்கிறது.

இந்த ஆண்டு அவள் தங்கை என் வகுப்பில் இருக்கிறாள். இப்போதெல்லாம் காய்ச்சி வடித்த நீரை நானே வாங்கி வந்துவிடுகிறேன். போன வாரம் தங்கம் அழகாகச் சிவந்தது. லேசரை அடித்தேன். கோடு பளிச்சென்று தெரிந்தது.

தங்கை எழுந்தாள்.

“சார், தங்கத்துல கோடு தெரியாதுன்னு எங்கக்கா சொல்லிகினே இருக்கும். அது பாத்துச்சாம். அப்ப தப்பா பாத்துடுச்சா சார்?”

இதைவிட நல்ல வாய்ப்பு எனக்கு எப்போது கிடைக்கும்? ‘உன் அக்கா சரியாகத்தான் பார்த்தாள்’ என்று ஒரு வரி சொன்னால் போதும். நாக்கு நுனிவரை வந்தது... பிள்ளைகள் எல்லோரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“ஆங்... தப்பாதான் பாத்திருக்கும்” என்றேன்.

“வூட்டுக்குப் போய்ச் சொல்றேன் சார்” என்று சிரித்துக்கொண்டே உட்கார்ந்தாள்.

சொல்லியிருப்பாள்.