தொட்டால் தெரியும் பச்சை

பேத்தி கூலிம் ஹைடெக் தொழிற்பேட்டையில் வேலை செய்கிறாள். லீவு நாளில் பச்சை குத்திக்கொள்ள சுங்கைப்பட்டாணிக்குப் போகிறேன் என்றாள். நானும் அவள் ஓட்டும் காடியில் ஏறி உட்கார்ந்துவிட்டேன். துணைக்கு என்று சொல்லிக்கொண்டேன். வேடிக்கை பார்க்கத்தான் போனேன். எங்கள் காலத்தில் மூன்று ஊசியை நூலால் கட்டி, விளக்குக் கரியில் தோய்த்துக் குத்துவார்கள். தோட்டத்து லயத்தில் வரிசை வீடு முழுக்க அதே ஊசிதான். இப்போது எப்படிக் குத்துகிறார்கள் என்று பார்க்க வேண்டாமா?

கடை பல் டாக்டர் அறை மாதிரி இருந்தது. குத்துகிற தம்பி நம் தமிழ்ப் பிள்ளைதான். பேத்திக்குப் பட்டாம்பூச்சியை முடித்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டான். என் முன்னங்கையில் ஒரு பச்சை உண்டு: ஒரு கட்டம், அதன் மூலைகளில் புள்ளி. கரங்கான் பக்கத்து ரப்பர் தோட்டத்தில், நான் பாவாடை கட்டிய வயதில், எனக்கும் அக்காளுக்கும் ஒரே நாளில் குத்தியது. அக்காளுடையது இன்னும் பளிச்சென்று இருக்கிறது. என்னுடையது துணிக்குப் போடும் நீலம் சிந்தியது போலக் கலங்கிவிட்டது. புள்ளி எது, கோடு எது என்று எனக்கே தெரியாது.

"மேலயே திரும்பக் குத்தலாம் பாட்டி. கோடு கொஞ்ச நாளைக்குத் தடிச்சி நிக்கும், தடவுனா விரலுக்குத் தெரியும். அப்புறம் அமுங்கிரும்" என்றான்.

விரலுக்குத் தெரியும் என்றானே, அதைத்தான் பிடித்துக்கொண்டேன். சுங்கை லாலாங்கில் இருக்கும் அக்காளுக்குச் சர்க்கரையில் கண் போய்விட்டது. போகும்போதெல்லாம் என் கையைத் தடவிப் பார்ப்பாள். வளையல் தெரியும், சுருக்கம் தெரியும், பச்சை தெரியாது. அமுங்குவதற்குள் அவள் ஒருமுறை தொட்டுவிட வேண்டும் என்று எனக்கு ஆசை வந்துவிட்டது.

தம்பி உடனே ஊசியை எடுக்கவில்லை. சர்க்கரை உண்டா, ரத்தத்தை இளக்கும் மாத்திரை உண்டா என்று கேட்டான். பிரஷர் மட்டும்தான் என்றேன். இருந்தாலும் கிளினிக்கில் கேட்டுக்கொண்டு, நன்றாகப் பசியாறிவிட்டு வரச் சொன்னான். அப்படியே செய்துவிட்டு இன்னொரு லீவில் போனோம். மூலைக்கு ஒரு புள்ளிதானே பாட்டி என்றான். அக்காளுக்கு அப்படித்தான், எனக்கும் அதேதான் என்றேன். முடியே இல்லாத என் கையைச் சவரம் செய்தான்! கறுப்புக் கையுறை மாட்டி, உறையைக் கிழித்துப் புது ஊசி எடுத்தான். இயந்திரம் வண்டு மாதிரி இரைந்தது. வலி என்றால் ஊசி வலி இல்லை. வெயிலில் காய்ந்த தோலை யாரோ நகத்தால் கீறிக்கொண்டே இருப்பது போல. எலும்புப் பக்கம் வந்தபோது மட்டும் பேத்தியின் விரலை நசுக்கிவிட்டேன். கிழவிகள் தோல் மெல்லிசு என்று மெதுவாகத்தான் போனான்.

எழுத்துத் தெரியாது என்றதும், கவனிப்பு முறையைப் பேத்தியின் போனில் பேசியே பதிவு செய்து கொடுத்தான். கையைக் கழுவிவிட்டுத் தொடு, வாசனையில்லாத சவர்க்காரம் போடு, ஒற்றி எடு, களிம்பை மெல்லிசாகத் தடவு. ஊற வைக்காதே, வெயில் காட்டாதே, சொறியாதே. ஆறும்வரை வேறு யாரும் தொடக் கூடாது.

கடைசியாகச் சொன்னதுதான் சங்கடம். அக்காள் தினமும் போன் செய்து, எப்போது வருவாய் என்பாள்.

"அரைச்ச மஞ்சளப் பூசுடி. அன்னிக்கும் அதுலதான ஆறுச்சி?"

எனக்கும் கை பரபரத்தது. மஞ்சளை உரசியே விட்டேன். பேத்தி அந்தப் பதிவைத் திரும்பப் போட்டாள்: மஞ்சளும் வேண்டாம், தேங்காய் எண்ணெயும் வேண்டாம் என்று தம்பியின் குரல். உரசிய மஞ்சள் அன்றைக்கு மீன் குழம்புக்குப் போனது.

அப்புறம் தோல் உரிந்தது. கறுப்புக் கறுப்பாக உதிர்ந்தது. பச்சையே கொட்டிப்போகிறது, அக்காள் தொட ஒன்றும் மிஞ்சாது என்று நினைத்தேன். பேத்தி படம் பிடித்துத் தம்பிக்கு அனுப்பிக் கேட்டாள். மேல்தோல்தான் போகிறது, பிய்க்காமல் விடுங்கள் என்று பதில் வந்தது. அரிப்பு இருக்கிறதே, அது வலியைவிட மோசம். நான் சொறியவில்லை.

உரிந்து முடிந்து சிவப்பும் அடங்கியதும், இனி தொடலாம் என்றான் தம்பி. அன்றைக்கே சுங்கை லாலாங் போனோம். அக்காள் குழாயடியில் சவர்க்காரம் போட்டுக் கையைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். கோடு இன்னும் கொஞ்சம் தடித்துத்தான் இருந்தது. அவள் விரல் கட்டத்தைச் சுற்றி வந்தது. ஒரு மூலை, இரண்டு, மூன்று. நாலாவது மூலையில் நின்றுவிட்டது.

"இதென்னாடி? ஒனக்கு இங்க புள்ளி கெடையாதே."

கிடையாதா என்று கேட்டேன்.

"மூணு வெச்சதும் நீ அழுதுகிட்டு ரப்பர் காட்டுக்குள்ள ஓடிட்ட. ஒன்னயப் புடிக்கப் போயி அம்மா சறுக்கி விழுந்திச்சி. அந்தப் புள்ளி வெக்கவே இல்ல."

எனக்கு அது சுத்தமாக நினைவில்லை. அக்காள் விரலை எடுக்கவில்லை. அந்தப் புள்ளியையே அழுத்தி அழுத்திப் பார்த்துச் சிரித்தாள்.

"இப்பத்தான் ஒக்காந்து முடிச்சிருக்க" என்றாள்.