கொழுந்தனார் தொடாத கரணை

மூங்கில்துறைப்பட்டுப் பக்கம் கரும்பு இலை மாதிரிகள் சேகரிக்கப் போனபோது அந்த அம்மாவைச் சந்தித்தேன். ஒல்லியான உடம்பு, பொட்டில்லாத நெற்றி. பேசுவதற்கு முன் அருகிலிருக்கும் கரும்பின் கணுவைக் கட்டைவிரலால் தடவிக்கொள்வார்.

ஒரே ரகக் கரும்பில் வெட்டிய கரணைத் துண்டுகளைத்தான் நட்டிருந்தார். ஆனால் ஒரு தூர் தடித்து நின்றது. அடுத்தது விரல் பருமன்கூட இல்லை.

"தாலியறுத்த கை பட்டுதான் இப்டி ஆச்சுன்னு எங்க கொழுந்தனார் சொல்லிக்கினு இருக்காரு. நெலத்த அவரே பாத்துக்கிறாராம். கையாலயா மேடம் இப்டி ஆவும்?"

இரண்டு வகைத் தூர்களின் மாதிரிகளையும் ஆய்வகத்தில் பார்த்துவிட்டு வந்து, இல்லை என்றேன். கரும்பின் ஒவ்வொரு செல்லிலும் நூற்றுக்கும் மேற்பட்ட குரோமோசோம்கள் உண்டு. மெலிந்த தூர்களில் சில குரோமோசோம்கள் ஒடிந்து, துண்டுகள் இடம் மாறி ஒட்டியிருந்தன.

"இத அவராண்ட சொல்லுங்க."

சொன்னேன். கொழுந்தனார் பொறுமையாகக் கேட்டார்.

"என் கயனியிலயும் கரும்புதான் மேடம். அங்க இன்னாத்துக்கு ஒடியல?"

எங்கே ஒடியும், எந்தத் துண்டு எதை மாற்றும் என்று என்னால் சொல்ல முடியவில்லை.

அந்த அம்மா மெலிந்த தூரிலிருந்து ஒரு கரணையை வெட்டி அவரிடம் நீட்டினார். "இத உங்க கையால நடுங்க. தடிச்சு வருதான்னு பாக்கலாம்."

அவர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

அடுத்த ஆண்டு போனபோது நிலம் கொழுந்தனாரிடம் இருந்தது. அந்த அம்மா வடக்கனந்தலில் உள்ள மகள் வீட்டுக்குப் போய்விட்டாராம். அவருடைய அந்த வயலில் நெல் நின்றது.

"ஏன் கரும்பு போடலை?" என்று கேட்டேன்.

கொழுந்தனார் மடையைத் திருப்பப் போனார்.