இவருக்கு ஒரு சைலன்சர்

என் கணவர் மெதுவாகப் பேசுகிறவர். பெண் பார்க்க வந்த அன்று அவர் சொன்ன ஒரேயொரு வசனம் என் தகப்பனாருக்குக் கேட்கவில்லை. பக்கத்துக் கதிரையில் இருந்த மாமாதான் அதை எடுத்துச் சொன்னார்: "தேத்தண்ணி நல்லாயிருக்காம்."

அவருக்குத் துறைமுகத்தடியில் ஓர் அலுவலகத்தில் எழுதுவினைஞர் வேலை. நான் டவுனில் ஒரு பள்ளிக்கூடத்தில் படிப்பித்துக்கொண்டிருந்தேன். பாலையூற்றில் வாடகை வீடு. காலையில் தன்னுடைய பழைய மோட்டார் சைக்கிளில் என்னை ஏற்றிக்கொண்டுபோய்ப் பள்ளிக்கூட வாசலில் விட்ட பிறகுதான் அவர் வேலைக்குப் போவார்.

அந்த மோட்டார் சைக்கிளின் சைலன்சரைக் கடற்காற்று கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுகொண்டிருந்தது. அடியில் ஓட்டை விழுந்ததும் பால்மா டின் ஒன்றை வெட்டிச் சுற்றிக் கம்பியால் கட்டினார். "இது இன்னும் ஒரு வருஷம் கிடக்கும்" என்றார். அந்த மாதம் முடிய முதலே கழன்று விழுந்தது.

விழுந்ததுகூடப் பரவாயில்லை. விழுந்த இடம்தான் பிரச்சினை. அது சண்டைக் காலம். சோதனைச் சாவடி வந்தால் இறங்கி, மோட்டார் சைக்கிளை உருட்டிக்கொண்டு நடந்து, அடையாள அட்டையைக் காட்டி, பையைத் திறந்து காட்டி, அந்தப் பக்கம் போய்த்தான் மறுபடி ஏறவேண்டும். அன்றும் எல்லாம் ஒழுங்காக முடிந்தது. நான் ஏறிச் சேலையைச் சரிசெய்துகொண்டேன். இவர் உதைத்து ஸ்டார்ட் செய்தார். டமார் என்று வெடித்தது. சைலன்சர் கழன்று உருண்டுபோய் மணல்மூட்டைகளுக்கு முன்னால் நின்றது.

ஆமிக்காரர்கள் மூட்டைகளுக்குப் பின்னால் பதுங்கினார்கள். வரிசையில் நின்ற சனம் அப்படியே நிலத்தில் படுத்தது. மீன்பெட்டி கட்டிய சைக்கிளோடு வந்த ஒருவர் சைக்கிளையும் கட்டிப்பிடித்தபடி படுத்தார். மூட்டைகளுக்கு முன்னால் எங்கள் சைலன்சர் புகைந்துகொண்டு கிடந்தது. படுக்காமல் நிமிர்ந்து இருந்தது நாங்கள் இரண்டு பேரும்தான்.

"அது எங்கட" என்றார் இவர். பின்னால் இருந்த எனக்கே சரியாகக் கேட்கவில்லை. ஆமிக்காரர்களின் துவக்குகள் எங்கள் பக்கம் திரும்பின.

"கொஞ்சம் பலமாச் சொல்லுங்கோ!" என்றேன்.

"சொன்னனான் தானே."

வகுப்பு நிறையப் பிள்ளைகளை அடக்கிப் பழகிய தொண்டை என்னுடையது. இரண்டு கைகளையும் உயர்த்திக்கொண்டு, "சைலன்சர்! சைலன்சர்!" என்று கத்தினேன். தமிழா சிங்களமா என்று யோசிக்கத் தேவை இருக்கவில்லை. அந்தச் சொல் எல்லாருக்கும் ஒன்றுதான். ஓர் இளம் ஆமிக்காரன் தலையை நீட்டிப் பார்த்தான். கம்பியையும் பால்மா டின்னையும் கண்டதும் சிரித்துவிட்டான். பிறகு மற்றவர்களும் சிரித்தார்கள். படுத்திருந்த சனமும் மண்ணைத் தட்டிக்கொண்டு எழும்பிச் சிரித்தது. மீன்காரர் மட்டும் சிரிக்கவில்லை. குழாயைத் தூக்க ஏலாத சூடு. அது ஆறும்வரை நாங்களும் வெயிலில் நின்றோம்.

அந்தச் சனிக்கிழமை டவுனில் உதிரிப்பாகக் கடைக்குப் போனோம். கடைக்காரர் கிண்ணியாப் பக்கத்து முஸ்லிம் மனிதர். முஸ்லிம்கள் அண்ணனைக் கூப்பிடுகிற மாதிரி, வயது வித்தியாசமில்லாமல் எல்லாருக்கும் அவர் 'நானா'தான்.

"கம்பனிச் சாமான் இப்ப வாறதில்ல, தம்பி" என்றார். "கொழும்பில இருந்து இஞ்ச வர எத்தின இடத்தில லொறியை இறக்கி ஏத்துறாங்க. இருக்கிறதில ஒண்டைப் பாருங்க."

இருந்தவை மூன்று. முதலாவது நீளமாக, கறுப்பாக, வேறு ஏதோ மோட்டார் சைக்கிளுக்கு உரியது. நானா அதைத் தற்காலிகமாகக் கட்டி ஸ்டார்ட் செய்து காட்டினார். பூனை மடியில் படுத்துக் குறுகுறுப்பதுபோல ஒரு சத்தம்.

"உங்களை மாதிரியே கதைக்குது. இதையே எடுப்பம்" என்றேன். நானா சிரித்தார். இவர் சிரிக்கவில்லை.

இரண்டாவது, வயலுக்குத் தண்ணீர் இறைக்கிற பம்பினுடைய குழாய். வெட்டி ஒட்டினால் எதற்கும் பொருந்தும் என்றார் நானா. இவர் அதைத் தூக்கிப் பார்த்துவிட்டு மரியாதையாகக் கீழே வைத்தார்.

மூன்றாவது யாரோ சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்ததாம். கட்டையாக, பளபளவென்று, வாய் விரிந்து இருந்தது.

"நாதஸ்வரமே வாங்க வந்தனாங்கள்?" என்று கேட்டேன்.

"போட்டுப் பாப்பம்" என்றார் இவர்.

போட்டுப் பார்த்தோம். எதிர்த் தேத்தண்ணிக் கடையில் இருந்தவர்கள் கோப்பையும் கையுமாக எழும்பினார்கள். பக்கத்து நகைக்கடை அரைக் கதவை இழுத்துக்கொண்டது. எங்கள் டவுனில் மாடுகளைப்போலத் திரிகிற மான்களில் ஒன்று றோட்டோரம் கடதாசி தின்றுகொண்டு நின்றது; அது இரண்டு துள்ளலில் காணாமல் போனது. நான் இவருடைய முகத்தைப் பார்த்தேன். தாலி கட்டும்போதுகூட அந்த முகம் இப்படி மலர்ந்திருக்கவில்லை.

"கொஞ்சம் கம்பீரமா இருக்கு, என்ன?"

"கொஞ்சமோ?"

"நீர் ஒண்டை யோசிச்சுப் பாரும். வழியில மான், மாடு எல்லாம் விலகும்."

"மனிசரும் விலகுவினம்."

நானா நியாயமாக ஒரு வார்த்தை சொன்னார். "தம்பி, இது சண்டை இல்லாத நாட்டு றோட்டுக்குச் செய்தது." ஆனால் இவர் ஏற்கெனவே அதன் வாயைக் கைலேஞ்சியால் துடைத்துக்கொண்டிருந்தார். வாழ்க்கையில் தனக்கென்று எதையும் கேட்காத மனிதர். நான் என்ன சொல்ல?

திங்கட்கிழமை பின்னேரம் எங்கள் ஒழுங்கைக்கு அந்தச் சத்தம் முதன்முதலாக வந்தது. பக்கத்து வீட்டு அக்கா அரிசி கொதிக்கிற பானையை அப்படியே விட்டுவிட்டுப் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு முற்றத்தில் வெட்டிவைத்த பங்கருக்குள் இறங்கிவிட்டா. இவர் வந்து நிறுத்தினார். கொஞ்ச நேரத்தால் பங்கர் வாசலில் அக்காவின் தலை தெரிந்தது.

"ஹெலிகொப்டர் போயிட்டுதோ?"

"இல்லை அக்கா, எங்கட ஆள்தான் வந்தவர்."

அடுத்த நாளும் இறங்கினா. அதற்கடுத்த நாள் அக்கா இறங்கவில்லை. ஆனால் எங்களுக்குக் கேட்கத்தக்கதாகப் பிள்ளைகளிடம் சொன்னா: "பேசாமல் இருங்கோ, அது துறைமுகத்து ஐயா."

இவருக்கு வெட்கமாகிவிட்டது. ஒழுங்கை முகப்பிலேயே எஞ்சினை நிறுத்தி, வீடுவரை உருட்டிக்கொண்டு வரத் தொடங்கினார். வியர்த்து ஒழுகிக்கொண்டு படலையைத் திறப்பார். "கம்பீரம் எப்பிடி?" என்று கேட்பேன். "தண்ணி தாரும்" என்பார்.

சோதனைச் சாவடியில் மட்டும் அந்தக் குழாய்க்கு மதிப்பு இருந்தது. நாங்கள் வளைவில் திரும்பும்போதே அந்த இளம் ஆமிக்காரன் காதைப் பொத்திக்கொண்டு நிற்பான். "ஆ, சைலன்சர் மாத்தயா!" என்று சிங்களத்தில் ஐயா போட்டுக் கூப்பிடுவான். பையை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போகச் சொல்வான். இவர் அப்போது என்னைத் திரும்பிப் பார்ப்பார். நான் பையின் வாயைக் கட்டுவதில் மும்முரமாக இருப்பேன்.

பிறகு ஒருநாள் சாவடியில் ஆட்களை மாற்றினார்கள். வந்தவர்களுக்கு எங்களையும் தெரியாது, எங்கள் சத்தத்தையும் தெரியாது. அன்று எனக்குப் பள்ளிக்கூட விடுமுறை. இவர் தனியாகப் போயிருந்தார். பின்னேரம் வந்தவர் சாரம் உடுத்திக்கொண்டு குசினி வாசலில் வந்து இருந்தார். கழற்றிப் போட்ட காற்சட்டையின் இரண்டு முழங்காலும் தேய்ந்து மண்ணாக இருந்தது.

"விழுந்தனீங்களோ?"

"இல்லை. முட்டுக்கால்ல நிக்க வைச்சவங்கள். கையைத் தலைக்கு மேல வைக்கச் சொல்லி."

"எவ்வளவு நேரம்?"

"வெயில் சாயுமட்டும்."

சுடுதண்ணீர் வைத்துக் கொடுத்தேன். முழங்காலைத் துணியால் ஒற்றும்போது, "மாத்துவம்" என்றார்.

நானாவின் கடையில் அந்த நீளக் கறுப்புக் குழாய் இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது. வேறு ஒருவருக்கும் அதைப் பிடித்திருக்கவில்லை. நானா அதைப் பூட்டி முடித்ததும், "ஸ்டார்ட் பண்ணிப் பாருங்கோவன்" என்றேன்.

"வேண்டாம். அது எப்பிடிக் கதைக்குமெண்டு தெரியும்."

கட்டைக் குழாயை நானா திருப்பி எடுத்துக்கொண்டார். எண்ணெய்த் துணியால் ஒருமுறை துடைத்து, சுவரில் உயரத்தில் கொழுவினார். "சண்டை நிண்டா இது விக்கும்" என்றார். இவர் கொஞ்ச நேரம் அதை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார். திரும்பி வரும்போது நான் அவரைச் சீண்டவில்லை. வழக்கமாகப் பிடிக்கிற கம்பியை விட்டு அவருடைய தோளைப் பிடித்துக்கொண்டேன். அவர் அதைக் கவனித்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

அக்காவுக்கு இதுவும் சரிவரவில்லை. "இப்ப சத்தம் போடாமல் வந்து நிக்கிறார், திடுக்கிடுது" என்று முறைப்பாடு சொன்னா. எனக்கு வேறு சிக்கல். கட்டைக் குழாய் இருந்த காலத்தில், பள்ளிக்கூடம் விட்டு பஸ்ஸில் வந்து நான் குசினிக்குள் நிற்கும்போதே, பெரிய றோட்டில் இவர் சாவடியைத் தாண்டிவிட்டார் என்று சத்தத்திலேயே தெரிந்துவிடும். தேத்தண்ணிக்குத் தண்ணீர் வைப்பேன். இப்போது ஒன்றும் தெரியவில்லை. படலைக்கும் அடுப்புக்குமாக நடந்துகொண்டிருந்தேன்.

ஒருநாள் இதைச் சொன்னேன். "முந்தி நீங்கள் வாறது கேக்கும்."

"நீர்தானே பிடிக்கேல்லை எண்டனீர்?"

"பிடிக்கேல்லைத்தான். ஆனால் கேட்டது."

அடுத்த நாள் பின்னேரம் ஒழுங்கை முகப்பில் ஹோர்ன் இரண்டு தரம் அடித்தது. கோழிக்குஞ்சின் கழுத்தைப் பிடித்ததுபோல ஒரு சத்தம். அக்கா வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, "இதென்ன இது?" என்றா. நான் சிரித்துக்கொண்டே தேத்தண்ணிக்குத் தண்ணீரை அடுப்பில் வைத்தேன்.

அதன்பிறகு அந்த மோட்டார் சைக்கிளை விற்கும்வரை அவர் அப்படியே இரண்டு தரம் அடித்துக்கொண்டு வந்தார். அந்த ஹோர்னை மாற்றவேண்டும் என்று ஒருநாளும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் கடைக்கு நானும் கூடப் போய், அவருக்குப் பிடித்ததையே எடுக்கச் சொல்லியிருப்பேன்.