புக்கிட் பாத்தோக் வளைவு

நான் சிங்கப்பூரில், சுவா சூ காங்கிலிருந்து புறப்படும் பேருந்தின் ஓட்டுநர். சென்ற ஆண்டு ஒரு காலையில், புக்கிட் பாத்தோக் வளைவில் சைக்கிளில் போன பெரியவர் ஒருவர் என் பேருந்துக்கு முன்னால் சறுக்கி விழுந்தார். நல்லவேளையாக பிரேக் பிடித்துவிட்டேன். முழங்கைச் சிராய்ப்போடு அவர் எழுந்து போய்விட்டார். ஆனால் மறுநாளிலிருந்து அந்த வளைவு வந்தாலே என் கைகள் நடுங்கின, வாய் வறண்டது.

"வேற ரூட் தரேன், எடுத்துக்கங்க," என்றார், நான் சொன்னதைக் கேட்ட மேற்பார்வையாளர். யோசித்துச் சொல்வதாக இரண்டு வாரம் விடுப்பு எடுத்துக்கொண்டு, மனநல ஆலோசகரான ஓர் இளம்பெண்ணைப் போய்ப் பார்த்தேன்.

"ஆபத்துன்னு நெனச்சு உடம்பு ஓடுறதுக்கு ரெடியாகுது அக்கா. நீங்க சீட்ல உட்கார்ந்திருக்கீங்க. அதான் நடுக்கம்," என்றார்.

"ரூட் மாத்தினா போயிடுமா?"

"கொஞ்ச நாளைக்கு நிம்மதியா இருக்கும். ஆனா ஒதுங்க ஒதுங்க பயம் பெருசாகும் லா. அங்கேயே போய் நின்னு பாருங்க, தானா எறங்கும்."

மறுநாளே அந்த வளைவுக்குப் போனேன். நடைபாதையில் நின்று, திரும்புகிற பேருந்துகளைப் பார்த்தேன். நெஞ்சு படபடத்தது. வீட்டுக்கு ஓடிவிடத் தோன்றியது, ஆனால் நகரவில்லை. வெகுநேரம் கழித்து மூச்சு சீரானது. அதற்கடுத்த நாளும் போனேன். பிறகு பயணியாக முன் இருக்கையில் உட்கார்ந்து அந்த வளைவைக் கடந்தேன்.

விடுப்பு முடிந்ததும் மேற்பார்வையாளரிடம், "என் ரூட்டே இருக்கட்டும்," என்றேன்.

முதல் நாள் கை வியர்த்தது. சில வாரங்களில் நடுக்கம் நின்றுவிட்டது. படபடப்பு இன்னும் எப்போதாவது வரும். வந்தாலும் ஓட்டுகிறேன்.