கப்பலில் பிறந்த சொல்

பதினொரு நாள் காலையில் வயிற்றைப் பிரட்டியது. பல் துலக்கினால் ஓங்காளம், தேநீரை மூக்கருகே கொண்டுபோனால் ஓங்காளம். வெளியே சத்தியாக மட்டும் எதுவும் வரவில்லை. பன்னிரண்டாம் நாள், யாழ்ப்பாணத்து நல்லூரிலிருந்து பக்கத்திலிருக்கும் எங்கள் திருநெல்வேலிக்குப் போய் ஒரு மருத்துவரைப் பார்த்தேன். என் மகளைவிடச் சின்னவர். துண்டில் ‘நோசியா’ என்று ஆங்கிலத்தில் எழுதிவிட்டு, நான் கொண்டுபோன இரண்டு குளிசைப் பெட்டிகளையும் சேர்த்து வைத்து உள்ளிருக்கும் மருந்தைப் பார்த்தார். ஒன்று இரண்டு வாரத்துக்கு முன் கிளினிக்கில் புதிதாகத் தந்தது. மற்றது கனடாவிலிருந்து மகள் அனுப்புவது.

“ஐயா, ரெண்டும் சீனியைக் குறைக்கிற ஒரே சலரோகக் குளிசை. பேர்தான் வேறை.”

“ஒரு நாளும் கூடக்குறையப் போடேல்லைப் பிள்ளை. எண்ணித்தான் போட்டனான்.”

“படிப்பிச்சனீங்களோ?”

“முப்பத்து நாலு வருசம். கணக்கு.”

“அதுதான் ரெண்டால பெருக்கியிருக்கிறியள்,” என்று சிரித்தார். “இனிக் கிளினிக் குளிசை மட்டும் போடுங்கோ. மகளிட்டையும் அனுப்ப வேண்டாமெண்டு சொல்லுங்கோ.”

வீட்டுக்கு வந்து அகராதியைப் பார்த்தேன். கப்பலைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்ததாம் நோசியா. முதலில் கடற்பயணத்தில் வரும் குமட்டலுக்குத்தான் அந்தப் பெயர். கரையில் இருப்பவர்களுக்குப் பிறகுதான் வந்தது.

நான் கப்பல் ஏறியது ஒரே முறை. போரில் தரைப்பாதை மூடிக் கிடந்த காலம், காங்கேசன்துறையிலிருந்து திருகோணமலைக்கு. மகளுக்கு ஆறு வயது. ஏழு தரம் சத்தி எடுத்தாள். மனைவி தலை தூக்க முடியாமல் கிடந்ததால், ஏழு தரமும் என் கைகளில்தான் ஏந்தினேன். அன்று எனக்கு ஒன்றும் செய்யவில்லை.

மனைவி போய் நாலு வருடம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை, ஊருக்கு வரும் யாரிடமாவது மகள் குளிசைகளைக் கொடுத்துவிடுவாள். கொண்டுவருபவர் தேத்தண்ணி குடிக்கும்வரை இருந்து அவளைப் பற்றிச் சொல்வார். போன தரம் வந்தவர் நாற்பது நிமிடம் இருந்தார். அதன் பிறகு என் படலையைத் திறந்தவர் மின்மானி பார்க்கிறவர் மட்டுமே. இரண்டு தரம்.

பின்னேரம் மகள் தொலைபேசியில் எடுத்தாள்.

“அப்பா, குளிசை முடியப்போகுதே? திருவிழாவுக்கு வாறவையிட்டைக் குடுத்துவிடட்டே?”

பெட்டி கையில்தான் இருந்தது. இன்னும் நாற்பத்தாறு மிச்சம்.

“ஓம் பிள்ளை, முடியப்போகுது,” என்றேன். “வாறவையை மத்தியானச் சாப்பாட்டுக்கு நிக்கச் சொல்லு.”