மில் நேரம்

கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, பதிவேட்டில் தாமே நேரத்தை எழுதுகிறார் தாவீது. மற்றவர்களுக்கு நான்தான் எழுதுவேன். அவர் மட்டும் பேனாவை என் கையில் தருவதில்லை. "எட போடறவன் நானு. டைமும் நானே போட்டாத்தாம்மா மனசு ஆறும்." எழுதிய வரிக்கு அடியில் பஸ் டிக்கெட்டை வைத்து ஒரு கோடு இழுப்பார். பிறகு சுவரோரக் கம்ப்யூட்டருக்குப் போய்விடுவார்.

கும்மிடிப்பூண்டி பஜாரில் என் அக்கா வீட்டுக்காரர் மணவாளன் நடத்தும் பிரவுசிங் சென்டர் இது. ரயில் டிக்கெட், பரீட்சை ரிசல்ட், வேலைக்கு விண்ணப்பம் என்று ஆட்கள் வருவார்கள். தாவீது பார்ப்பது வெறும் புள்ளிகள். கட்டம் போட்ட தாளில் எறும்பு ஊர்ந்தாற்போல ஏறி இறங்கும் புள்ளிகள். முக்கால் மணி நேரம் அவற்றையே பார்த்துக்கொண்டிருப்பார். "வானத்துல மில்லு கட்டப் போறியா தாவீது?" என்று மாமா கேட்பார். "இடம் கீது. சிப்காட்டுல கேட்டுச் சொல்றேன்" என்பார் அவர், திரும்பாமலே.

பகலில் அவர் சிப்காட் தொழிற்பேட்டையில் ஒரு கம்பி மில்லில் எடை மேடை பார்க்கிறார். காலையில் நான் பஸ்ஸுக்கு நிற்பது அந்த மில் வாசலுக்கு எதிரில்தான். பழைய இரும்பு ஏற்றிய லாரி மேடைமேல் வந்து நின்றதும், கண்ணாடி அறைக்குள்ளிருந்து அவர் கை மட்டும் வெளியே நீளும். விரல் கீழ்நோக்கி ஆடும். டிரைவர் இறங்கினால் போதாது, கிளீனரும் இறங்க வேண்டும்.

"அவன் அம்பது கிலோகூட வரமாட்டான் அண்ணா, எலும்பு."

"எலும்புக்கும் எட கீது நைனா. இறக்கு."

"நட்சத்திரத்துக்கு எட போடறியாமே. அதுலேர்ந்து யாரை இறக்குவ?"

ஆந்திரா டிரைவர்கள் சிரிப்பார்கள். அவரும் கொஞ்சம் சிரிப்பார். சீட்டு கிழித்துக் கொடுத்ததும் முகம் பழையபடி ஆகிவிடும்.

நட்சத்திரம் விஷயம் உண்மைதான். எட்டாவதோடு நின்றவள் நான். ஒருநாள் பிரிண்ட் எடுக்க வந்தபோது கேட்காமலே சொன்னார். தூரத்தில் ஒரு நட்சத்திரம். அதற்கும் நமக்கும் நடுவில், கண்ணுக்கே தெரியாத மங்கலான ஒன்று குறுக்கே போகிறது. போகும்போது அதன் எடை, பின்னால் இருப்பதன் வெளிச்சத்தை வளைக்கிறது. அதனால் பின்னால் இருப்பது சில நாள் கூடுதலாகப் பிரகாசித்துப் பிறகு பழையபடி ஆகிவிடுகிறது. நடுவில் போவது ஒற்றையாக இருந்தால் வெளிச்சம் ஒரு மேடாக ஏறி இறங்கும். ஜோடியாக இருந்தால் சட்டென்று இரண்டு முறை குதிக்கும். குதித்தது எப்போது, அதற்கு எத்தனை நிமிஷம் பிடித்தது என்று தெரிந்தால் அந்த ஜோடியின் எடையைக் கணக்குப் போட வழி உண்டு.

"அந்த ரெண்டையும் யாருமே பார்த்ததில்லம்மா. பார்க்கவும் முடியாது. இன்னொருத்தன் வெளிச்சத்த இன்னா பண்ணுச்சோ அத வெச்சுத்தான் எட."

"மறுபடி வருமாண்ணே?"

"நம்ம ஆயுசுல வராது. ஒரு தபா குறுக்க போச்சுன்னா போனதுதான்."

ஆரம்பாக்கத்தில் மாடி அறையில் தனியாக இருக்கிறார். தம்பி திருநின்றவூரில் பிளாட் வாங்கிக் கூப்பிட்டான். இவர் போகவில்லை. அங்கே தெருவிளக்கு அதிகமாம். தொலைநோக்கிக்குப் பத்து அங்குலக் கண்ணாடியைத் தாமே தேய்த்து எடுத்திருக்கிறார். கேமரா, எங்கோ வெளிநாட்டில் இதே வேலை செய்யும் குழுவில் ஒருவர் அனுப்பிவைத்த பழையது. அவரை இவர் பார்த்ததில்லை. அந்தக் குழுவில் யாரையுமே பார்த்ததில்லை. ஊரெல்லாம் பேஜார் என்று திட்டும் கரண்ட் கட்டுக்கு அவர் காத்திருப்பார். தெரு இருண்டால், லாரி பேட்டரியில் கேமராவையும் கம்ப்யூட்டரையும் ஓட்டிப் படம் எடுப்பார்.

இந்த மே மாதக் கடைசியில் அப்படி ஒரு ஜோடி குறுக்கே போனது. இரண்டாவது குதி வரும் நேரத்தில் ஆஸ்திரேலியாவில் மேகம். ஆப்பிரிக்காவில் அந்த நட்சத்திரம் இன்னும் உதிக்கவில்லை. நடுவில் ஆரம்பாக்கத்து மாடி ஒன்றுதான். மறுநாள் சென்டருக்கு வந்தவர் கோடு போட மறந்துவிட்டார். அத்தனை சந்தோஷம்.

நாலாம் நாள் குழுவை நடத்தும் அம்மாளிடமிருந்து மெயில் வந்தது. உங்கள் புள்ளிகள் மற்றவர்களுடையதோடு சேரவில்லை, உங்கள் நேரம் சரிதானா என்று கேட்டிருந்தார். சரிதான் என்று இவர் பதில் போட்டார். அப்படியானால் அவற்றை விட்டுவிடத்தான் வேண்டும் என்று மறுநாள் பதில் வந்தது. அவர் வாட்ச் கட்டிய மணிக்கட்டைத் தடவிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். அப்புறம் யாரிடமோ சொல்வதுபோலச் சொன்னார்:

"கிளீனர இறக்காமலே எட போட்டுட்டேன்."

மில் வாசல் கடிகாரம் எப்போதும் வேகமாக இருக்கும். ரயிலில் வரும் ஆட்கள் தாமதிக்கக் கூடாதென்று டைம் ஆபீஸில் வேண்டுமென்றே முன்னால் தள்ளி வைப்பார்கள். மில்லில் எல்லோருடைய வாட்சும் அதற்குத்தான் ஒத்துப்போகும். தாவீதின் வீட்டுக் கம்ப்யூட்டரோ ஒவ்வொரு முறை போடும்போதும் நேரத்தை மறந்துவிடும். வாட்சைப் பார்த்துத்தான் அதில் நேரம் அடிப்பார். இருபது வருஷமாக மில் நேரத்திலேயே இருப்பவருக்கு அது தனி நேரம் என்ற நினைவே இல்லாமல் போய்விட்டது.

"கழிச்சிக்கினா போச்சு, இன்னா இப்போ?" என்றார் மாமா.

"எவ்ளோ கழிக்கிறது? வாரா வாரம் திங்கக்கிழம தள்ளி வெக்கிறான். ஒரு வாரம் பத்து நிமிஷம், ஒரு வாரம் பதினஞ்சு. அந்த வாரம் எவ்ளோன்னு எவனுக்குத் தெரியும்? குத்துமதிப்பா எட போட மாட்டேன் மணவாளன்."

எனக்குத் தெரியும். இங்கே வந்த முதல் நாளிலிருந்தே தெரியும். அவர் எழுதும் நேரம் ஒன்று, எங்கள் கம்ப்யூட்டர் பதியும் நேரம் ஒன்று. எங்களுடையது இன்டர்நெட்டிலிருந்து நேரத்தை எடுத்துக்கொள்ளும். பெரியவரிடம் எப்படிச் சொல்வது என்று ஒரு வருஷம் வாயைத் திறக்காமல் இருந்தேன்.

பதிவேட்டில் அந்த வாரத்தைப் பிரித்து, கம்ப்யூட்டர் பட்டியலையும் பிரிண்ட் எடுத்து, இரண்டையும் அவர் முன்னால் வைத்தேன். அவர் எழுதிய வரிகள் ஐந்து; ஒன்றில் மட்டும் கோடு இல்லை. திங்கள் அவர் எழுதியது 6.24, பட்டியலில் 6.11. செவ்வாய் 6.31, பட்டியலில் 6.18. ஐந்து நாளும் பதின்மூன்று நிமிஷம். அவர் விரல் ஒவ்வொரு வரியாக இறங்கியது. அடியில் வந்ததும் மறுபடி மேலே போய் இன்னொரு தடவை இறங்கியது.

அன்றைக்கே எழுதிப் போட்டார். தவறு என்னுடையது, காரணம் இது, ஆதாரம் இது, பதின்மூன்று நிமிஷம் கழித்துக்கொள்ளுங்கள் என்று. பிறகு பன்னிரண்டு நாள் பதில் இல்லை. தினமும் வந்தார், எழுதினார், கோடு போட்டார், பார்த்தார், போனார்.

நேற்று பதில் வந்தது. புள்ளிகள் பொருந்திவிட்டன. ஜோடியில் பெரியது சூரியனின் எடையில் பாதிக்கும் குறைவு. சின்னது அதில் மூன்றில் ஒரு பங்கு. தாவீது பிரிண்ட் கேட்கவில்லை. சட்டைப்பையிலிருந்து வெற்று எடைச் சீட்டு ஒன்றை எடுத்து, இரண்டு எண்களையும் அதில் எழுதி மடித்து வைத்துக்கொண்டார்.

போகும்போது மேசைக்கு வந்தார். பதிவேட்டில் வெளியேறும் நேரம் எழுத வேண்டும். பழக்கத்தில் வாட்சைத் திருப்பினார். பிறகு முழுக்கைச் சட்டையின் நுனியை அதன்மேல் இழுத்துவிட்டு, பேனாவை என் பக்கம் நீட்டினார்.