பழைய பிளசரின் லொடலொடப்பு

எங்கள் வரிசையில் குடியிருந்த ஆண்கள் எல்லோரும் கத்தித்தான் பேசுவார்கள். கும்மிடிப்பூண்டிப் பக்கம் தகரப் பீப்பாய் செய்யும் ஒரு தொழிற்சாலை. தகட்டை மிஷினில் அடித்து வளைக்கும் அதன் பிரஸ் ஷாப்பில் வேலை பார்த்தவர்கள்தான் அந்த வரிசை முழுக்க. சோற்றுக்கு உப்பு கேட்பதாக இருந்தாலும் ஊரைக் கூட்டித்தான் கேட்பார்கள். குழாயடியில் நாங்கள் கூடும்போது, "எங்க ஊட்டுக்காரருக்கு மூக்குக்கு மேல கோவம்" என்று ஆளுக்கொரு கதை சொல்வோம். பின்னாலிருந்து கூப்பிட்டால் ஒருவரும் திரும்ப மாட்டார்கள். ஆம்பளைத் திமிர் என்று முடிவு கட்டியிருந்தோம். நானெல்லாம் கூப்பிடுவதையே விட்டுவிட்டேன், நேரே போய்த் தோளைத் தட்டுவேன். மற்றவர்களும் அப்படித்தான் செய்தார்கள். அதில் யோசிக்க ஏதோ இருக்கிறது என்று எங்களில் ஒருத்திக்கும் தோன்றவில்லை.

எனக்கு இருந்த பயமே வேறு. அந்த மிஷின் விரலைத் தின்னும். அடுத்த வீட்டுக்காரர் ஒருநாள் வலது கையில் பெரிய கட்டோடு வந்து இறங்கினார். அதற்கப்புறம் அந்த வீட்டில் சோறு பிசைந்து கொடுப்பது அவர் மனைவியின் வேலையாகிவிட்டது. அன்றிலிருந்து என் வீட்டுக்காரர் ஷிப்ட் முடிந்து வந்தால் முதலில் கையைப் பார்ப்பேன், முகத்தை அப்புறம்தான். எப்படியாவது இவரை முழுக் கையோடு அங்கிருந்து வெளியே இழுத்துவிட வேண்டும் என்று கங்கணம் கட்டிக்கொண்டேன். நச்சரிப்பு என்றால் அப்படி ஒரு நச்சரிப்பு. மனிதர் கடைசியில் கணக்கை முடித்துக்கொண்டு வந்தார்.

கல்யாணத்துக்கு முன் லாரி ஓட்டியவர் என்பதால் லைசென்ஸ் இருந்தது. எழுபதுகளின் நடுவில், என் வளையல்களும் அவர் வாங்கி வந்த கணக்குப் பணமும் சேர்ந்து ஒரு பழைய பிளசர் காராக வாசலில் வந்து நின்றன. வாடகைக்கு ஓட்டுவதாக ஏற்பாடு. அமாவாசைக்குத் திருவள்ளூர் கோயில், முகூர்த்த நாளில் கல்யாண வீடு, நடுநடுவே ஆஸ்பத்திரி. பிழைத்துக்கொள்ளலாம் என்று மனதார நம்பினேன்.

முதல் அமாவாசைக்குத் திருவள்ளூர் போன குடும்பம், திரும்புகையில் பஸ்ஸில் வந்துவிட்டது. கடைத்தெருவில் அந்த அம்மாளே என்னிடம் சொன்னாள்: "வண்டிக்கு அடியில இன்னாமோ அடிச்சிக்கினே வருது. கொழந்த ஒரு பொட்டுத் தூங்கல. பேஜாரா பூட்ச்சி."

வீட்டில் கேட்டேன். "சத்தமும் இல்ல, கித்தமும் இல்ல. வாடகைய கொறைக்கக் கத கட்றாங்க" என்றார் இவர்.

அடுத்து ஏறியவர்களும் அதையே சொன்னார்கள். அதற்கடுத்தவர்கள் பாதி வழியில் இறங்கிக்கொண்டார்கள். 'லொடலொட வண்டி' என்று ஸ்டேஷன் வாசல்வரை பெயர் பரவிவிட்டது. வண்டி நிழலில் நின்றது, நாங்கள் கஞ்சிக்கு இறங்கினோம். ஒருநாள் பொறுக்கமாட்டாமல் நானே ஏறி உட்கார்ந்தேன். பெரிய ரோட்டில் வேகம் எடுத்ததும் ஆரம்பித்தது பாருங்கள், எவர்சில்வர் தூக்குக்குள் கரண்டியைப் போட்டு ஆட்டுவதுபோல. பல் கூசியது.

"அதோ, வருது" என்று தோளைத் தட்டிச் சொன்னேன்.

"எங்க வருது? இன்னா, நீயும் அவங்களோட சேந்துக்கினியா?"

நடு ரோட்டில் வண்டியை நிறுத்திச் சண்டை போட்டோம். இவ்வளவு சத்தத்தையும் இல்லை என்கிறாரே, மனிதருக்கு என்ன வீம்பு என்று நான் கொதித்தேன். ஆனால் மறுநாள் காலையில் அவரே சைலென்சர் பைப்புக்கு அடியில் படுத்திருந்தார்.

அந்தச் சத்தம் எங்களை அலைக்கழித்தது கொஞ்சநஞ்சமல்ல. நின்றால் வராது, ஓடினால்தான் வரும். டிக்கியைக் காலி செய்து பார்த்தோம், நம்பர் பிளேட்டைக் கழற்றிப் பார்த்தோம், பின் பம்பருக்குச் சாக்கைச் சுற்றினோம். ரோட்டோரத்து மெக்கானிக் எதையோ பற்றவைத்து அனுப்பினார், இரண்டு நாள் சும்மா இருந்துவிட்டு மறுபடி வந்தது. புது சைலென்சர் போடச் சொன்னார். அதற்கு நாங்கள் எங்கே போவது?

கடைசியில் இவரே ஒரு வழி சொன்னார். நான் பக்கத்தில் உட்கார வேண்டும். சத்தம் வந்தால் தோளைத் தட்ட வேண்டும், நின்றால் கையை எடுத்துவிட வேண்டும். கவரைப்பேட்டைக்கும் எங்கள் ஊருக்கும் நடுவே போகிறதும் வருகிறதுமாக இருந்தோம். நான் தட்டுவேன், அவர் நிறுத்திக் கீழே நுழைவார், ஒன்றை இழுத்துக் கட்டுவார், மறுபடி ஓட்டுவார். சுடும் பைப்பில் பட்டுப் புறங்கை கொப்பளித்தது. இங்கேயும் கைக்குத்தானா ஆபத்து என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது. பின் சீட்டுக்கு நேர் கீழே, பைப்பைத் தாங்கிப் பிடிக்கும் பட்டையில் சேற்றுக்குள் ஒரு விரிசல் அகப்பட்டது. பழைய டயர்த் துண்டு ஒன்றை மடித்து இடுக்கில் செருகிக் கம்பியால் இறுக்கினார். மறுபடி ஓட்டினார். சத்தம் இல்லை. சுத்தமாக இல்லை.

"நின்னுட்ச்சா?" என்று என் முகத்தைப் பார்த்துக் கேட்டார்.

ஓட்டுகிறவர் என்னைக் கேட்பானேன் என்று சுருக்கென்றது. அப்போதுதான் பின்னால் ஒரு லாரியின் ஹாரன் கேட்டது. இவர் நடு ரோட்டில் ஹாயாகப் போய்க்கொண்டிருந்தார். லாரிக்காரன் விடாமல் அடித்தான். ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு, "ஏங்க, லாரிக்கு வழி உடுங்க" என்றேன். பதில் இல்லை. "அடுப்ப அணைக்காம வந்துட்டேங்க" என்று சும்மா ஒரு பொய்யைச் சொல்லிப் பார்த்தேன். வண்டி சரியாகிவிட்ட சந்தோஷத்தில் ரோட்டைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். லாரி மண்ணில் இறங்கி எங்களைத் தாண்டிப் போனது. கிளீனர் எட்டிப் பார்த்து வாயில் வந்ததையெல்லாம் திட்டினான்.

"இவன் எங்கேர்ந்து வந்தான்?" என்றார், தூக்கிவாரிப் போட்டு.

தோளைத் தட்டி ஓரமாக நிறுத்தச் சொல்லி, காது கேட்கவில்லையா என்று முகத்துக்கு நேரே கேட்டேன். அவர் இன்ஜினை அணைத்தார்.

"காதுக்குள்ள பிரஸ் அடிச்சிக்கினே கீது. ரொம்ப நாளா. வேலைய உட்டா நின்னுடும்னு நெனச்சேன். நிக்கல."

எங்கள் வரிசையில் கத்திய அத்தனை பேரும் என் கண்முன் வந்து போனார்கள்.

பட்டணத்துப் பெரிய டாக்டர் இரண்டு காதிலும் விளக்கடித்துப் பார்த்தார். நரம்பு போய்விட்டது, திரும்பாது என்றார். நானே அவருக்குக் காதாக இருந்துவிடுகிறேன் என்று சிலநாள் முன் சீட்டில் உட்கார்ந்து போனேன். பழவேற்காட்டிலிருந்து கல்யாணத்துக்குப் போன மீன்காரக் குடும்பம், "டிரைவர் சம்சாரத்துக்கு ஒரு சீட்டா? எங்காளு எங்க குந்துவான்?" என்று கேட்டது. நியாயமான கேள்வி. பிறகு எங்கள் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்த ஒருநாள் அவர் தனியாகப் போனார். ரயில்வே கேட்டில் கேட்காரர் போட்ட கூச்சல் கேட்கவில்லை. இறங்கிய கட்டை காரின் கூரையில் விழுந்தது. உள்ளே ஆட்கள் இருந்தார்கள். ரயில் வர இன்னும் நேரம் இருந்ததால் எல்லோரும் பிழைத்தார்கள். வாசலில் வந்து நின்ற வண்டியின் நசுங்கிய கூரையைப் பார்த்துவிட்டு, "வித்துடலாம்" என்றேன். அவரை அந்த வேலையிலிருந்து பிடுங்கிக்கொண்டு வந்து இந்த வண்டியில் உட்கார்த்தியவளும் நான்தான்.

வாங்க வந்தவர் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்தார். "கூரதான் நசுங்கிக்கீது. மத்தபடி சத்தமே இல்ல, ஜம்முனு போவுது" என்று அன்றே எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

இவர் வேலைக்கு ஏறாத படி இல்லை. வாட்ச்மேன் வேலைக்குக் காது வேண்டும். மளிகைக் கடையில் சாமான் எடுத்துத் தரக் காது வேண்டும். ஓட்டலில் காது வேண்டும். கூப்பிட்டால் திரும்பாதவனுக்கு உலகத்தில் வேலை இல்லை. இருந்த ஒரே இடம் எது என்று எங்கள் இரண்டு பேருக்குமே தெரிந்திருந்தது. அதை வாய்விட்டுச் சொல்ல இரண்டு பேருக்கும் துணிச்சல் இல்லை. ஒருநாள் காலையில் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிப் போனார். மதியம் திரும்பி வந்து சுவரோரம் உட்கார்ந்தார்.

"பிரஸ்லயே சேத்துக்கினாங்க" என்றார்.

முன்னால் போய் உட்கார்ந்து, உதடு தெரியும்படி கேட்டேன்: "காதப் பத்தி இன்னா சொன்னாங்க?"

"அத யாரு கேட்டா? ரெண்டு கையையும் நீட்டச் சொன்னாங்க. திருப்பிக் காட்டச் சொன்னாங்க. வெரல் எல்லாம் சரியா கீதுன்னு திங்கக்கெழம வரச் சொல்ட்டாங்க."